கோடையில் கற்க ஒரு தொழில்

கோடை விடுமுறை வந்ததும், புராடக்ட் மேனேஜ்மென்ட் எனப்படும் தயாரிப்பு மேலாண்மையைக் கற்பிக்கும் வகுப்புகளுக்குப் பெருந்தொகை செலுத்தலாமா எனப் பல குடும்பங்கள் யோசிக்கின்றன. அதற்கு முன், செலவில்லாத ஒரு பயிற்சியை நாம் பரிந்துரைக்கிறோம்.

யாருடைய இடர்ப்பாட்டை முதலில் தீர்ப்பது என முடிவு செய்வதே இத்தொழிலின் சாரம். 2016-இல் யுபிஐ அறிமுகமானது. ஆனால், பொருளை நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரால் கைபேசித் திரையையும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. பணம் வந்ததைக் குரலால் அறிவிக்கும் ஒலிப்பெட்டி அக்குறையைப் போக்கியது. சாதாரணக் கைபேசி வைத்திருப்போருக்காக 2022-இல் யுபிஐ 123பே வந்தது. இரண்டுமே பயன்படுத்துவோரின் நிலையை உணர்ந்த ஏற்பாடுகள்.

ஆகவே, மாணவர்கள் ரயில் முன்பதிவுச் செயலி போன்ற ஏதேனும் ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பயன்படுத்தும் பத்துப் பேரை, அவர்களின் இசைவோடு, அருகிருந்து கவனிக்கட்டும். கடவுச்சொல்லையோ கணக்கு விவரங்களையோ கேட்கலாகாது. அவர்கள் எங்கே தயங்குகின்றனர் எனக் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு குறைக்கு மாற்றுத் திரையைத் தாளில் வரைந்து, அவர்களிடமே காட்டட்டும். மீண்டும் தடுமாறினால் திருத்தி வரையட்டும். இறுதியில், கண்டதையும் மாற்றியதையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும்.

சான்றிதழ் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பிறர் துணையின்றி ஒரு முதியவர் தம் பயணச்சீட்டைத் தாமே பெற வழிகண்ட மாணவர், எந்த நேர்காணலிலும் சொல்வதற்குரிய ஒன்றைச் செய்திருப்பார். அத்தொழில் தமக்கு ஏற்றதா என்பதையும் அறிந்திருப்பார்.