விலையை மறைக்காத விளம்பர ஏஜென்ட்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1869-ல் பிரான்சிஸ் வேலண்ட் அயர் என்ற இளைஞர் விளம்பர ஏஜென்ஸி தொடங்கினார். முதலீடு 250 டாலர். சின்னப் பையனை நம்பி யார் விளம்பரம் தருவார்கள்? பள்ளி ஆசிரியரான அப்பாவின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்: 'என்.டபிள்யூ. அயர் அண்ட் சன்'.

அன்றைய விளம்பர ஏஜென்ஸி கிட்டத்தட்ட தரகுக் கடைதான். பத்திரிகையில் இடத்தை மலிவாக வாங்கிப்போட்டு, வருகிற வியாபாரியின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். வாங்கிய விலை பரம ரகசியம். எந்தப் பத்திரிகையில் விளம்பரம் வந்தால் வியாபாரிக்குப் பலன் என்ற கவலையும் கிடையாது; தனக்கு எதில் லாபம் அதிகமோ, அதை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அயரும் ஆரம்பத்தில் இடம் வாங்கி விற்றவர்தான்.

1870-களின் நடுவில் அவர் கணக்கைத் திறந்து காட்டினார். பத்திரிகைக்குப் போகும் தொகை இவ்வளவு, அதற்கு மேல் தன் கமிஷன் பன்னிரண்டரை சதவிகிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார். தன் வருமானத்தைக் கட்சிக்காரரிடமே சொல்லிவிட்டு, பிறகு அவரோடு பேரம் பேச எத்தனை வியாபாரிகளுக்குத் துணிச்சல் வரும்? ஆனால், பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கும்போது தன் லாபத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அதோடு போயிற்று. வியாபாரிக்கு எது பொருந்தும் என்று மட்டும் யோசித்தால் போதும்.

கமிஷன் பிறகு 15 சதவிகிதமானது. விளம்பர உலகில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்ததும் அந்த 15 சதவிகிதம்தான். நேஷனல் பிஸ்கட் போன்ற பெரிய கம்பெனிகள் அயரைத் தேடி வந்தன.

1923-ல் இறக்கும்வரை, ஐம்பது வருடங்களுக்கும் மேலாக, அவர் அதே ஏஜென்ஸியில்தான் இருந்தார்.