கண் அரிக்குதா? அதுக்காக சுகர் பேஷன்ட்ஸ் கண் பரிசோதனையை கேன்சல் பண்ணாதீங்க!

அப்பாவுக்கு நாளை காலை 10 மணிக்கு கண் ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட். சர்க்கரை நோயாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டிய விழித்திரை பரிசோதனை. மகன் அரை நாள் லீவும் போட்டாச்சு. ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெல்ல ஆரம்பிக்கிறார்: "ரெண்டு நாளா கண்ணு அரிக்குதுப்பா. சொட்டு மருந்து போட்டுட்டு இருக்கேன். இதோட போனா டெஸ்ட் தப்பா காட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

இந்த 'அடுத்த மாசம்' பல வீடுகளில் அடுத்த வருஷம் ஆகிவிடுகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அது விழித்திரையைப் பாதிக்கத் தொடங்கும்போது வலி இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கிய பிறகு போனால், இழந்ததை முழுசா மீட்பது கஷ்டம்.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். அலர்ஜிக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்ற சொட்டு மருந்துகள் கண்ணின் மேற்பரப்பில் அரிப்பை அடக்குபவை. பரிசோதனையில் பார்ப்பதோ கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையை. அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்களில் கசிவோ வீக்கமோ இருக்கிறதா என்று. அரிப்பு மருந்து இதை மறைக்காது, இல்லாததைக் காட்டவும் செய்யாது. சொல்லப்போனால், மருந்தை நிறுத்திவிட்டுப் போவதுதான் தொல்லை. அரிக்கிற கண்ணைக் கசக்கி, தண்ணீர் வடிய, மெஷினில் தாடையை வைத்து அசையாமல் உட்கார முடியுமா? படம்தான் மங்கலாக வரும்.

காலையில் வழக்கம்போல சொட்டு மருந்து போட்டுவிட்டே கிளம்பலாம். ஆஸ்பத்திரியில் கண் பாவையை விரிக்க வேறொரு சொட்டு மருந்து விடுவார்கள். இரண்டுக்கும் நடுவே 5 நிமிடமாவது இடைவெளி இருக்கட்டும். களிம்பு போடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, அது படத்தை மங்கலாக்கலாம். பாவை விரிந்தபின் சில மணி நேரம் பார்வை தெளிவாக இருக்காது என்பதால், பைக்கை எடுக்கவே வேண்டாம்.

அப்பா சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது: அது என்ன சொட்டு மருந்து? பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கியதா? டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று லேபிளில் இருந்தால், அது ஸ்டீராய்டு. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனா கிடைக்குது. போட்டதும் சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும். அதனாலேயே விட மனசு வராது. டாக்டர் கண்காணிப்பில்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். சுகர் இருப்பவர்களுக்குப் புரை வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். இன்னொன்று, விழித்திரையைப் படம் எடுத்தால் மட்டும் கண் அழுத்தம் தெரியாது, அதைத் தனியாக அளக்க வேண்டும். ஸ்டீராய்டு போடுவதை வாய் திறந்து சொன்னால்தான் அங்கிருப்பவர்களுக்கு அளக்கத் தோன்றும். அதேசமயம், டாக்டரே எழுதித் தந்த ஸ்டீராய்டு என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

நிஜமாகவே தள்ளிப்போட வேண்டிய ஒரு சூழல் உண்டு. கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டால் அது அலர்ஜி இல்லாமல் 'மெட்ராஸ் ஐ' ஆக இருக்கலாம். அது பரவும். போன் பண்ணிச் சொல்லி, அப்போதே வேறு தேதி வாங்கிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளும் கொஞ்சம் மனசு வைக்கலாம். அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ்-ல் தேதி, நேரத்தோடு 'போடுற சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க, பாட்டிலைக் கொண்டு வாங்க' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவு? அதுவரைக்கும் மகனே அந்த பாட்டில் லேபிளை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். கண் பாவை விரிந்தபின் அப்பாவால் அதைப் படித்துச் சொல்ல முடியாது.