குளிர்ந்த ஆவியும் நோயுற்ற நுரையீரலும்

"சிகரெட்டை விட்டுவிட்டேன், டாக்டர். உலர்ந்த மூலிகையை எரிக்காமல் சூடாக்கி, அந்த ஆவியை மட்டுமே இழுக்கிறேன். தொண்டை சுடுகிறது என்பதால் தண்ணீர்ப் புட்டி வழியாகவும் பனிக்கட்டி வழியாகவும் குளிர்வித்துக்கொள்கிறேன். இனிப் பயமில்லை அல்லவா?" நுரையீரல் புறநோயாளிப் பிரிவில் இத்தகைய கேள்விகளைக் கேட்கிறோம். குளிர்விக்கும் குழாயை அக்கறையோடு செய்து தருபவர் பல நேரங்களில் குடும்பத்தினராகவே இருக்கிறார். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் அது தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் கருத்து.

இக்கருவிகள் மூலிகையை ஏறத்தாழ 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகின்றன. எரிதல் நிகழாதபோது தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையில் இருப்பதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் நம் நுரையீரலுக்கு உரிய அளவுகோல் புகை அன்று, தூய காற்று. மேலும், உலர்ந்த ஆவியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வாயும் தொண்டையுமே தணித்துவிடுகின்றன. மூச்சுக்குழாய்களுக்குள் சென்று அழற்சி உண்டாக்குபவை அதிலுள்ள நுண்துகள்களும் வேதிப்பொருள்களுமே. அவற்றைப் பனிக்கட்டி அகற்றுவதில்லை.

தண்ணீர் வடிகட்டிவிடும் என்னும் நம்பிக்கை பழையது. அக்பர் அவையின் மருத்துவர் அபுல் ஃபத் கிலானியே புகையை நீர் வழியே செலுத்தும் யோசனையைச் சொன்னவர் என்பர். நீர் பருந்துகள்களில் ஒரு பகுதியைப் பிடிக்கும். மிக நுண்ணிய துகள்களோ குமிழிக்குள் அமர்ந்தபடியே நீரைக் கடந்துவிடும். கார்பன் மோனாக்சைடு நீரில் கரைவது மிகச் சொற்பம். ஒருமுறை அமர்ந்து ஹூக்கா பிடிப்பவர், 100 அல்லது அதற்கும் மேற்பட்ட சிகரெட்டுகளின் புகைக்கு நிகரான அளவை உள்ளிழுக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

தொண்டை எரிச்சலும் இருமலும் நுரையீரலின் காவலாளிகள். ஆவியைக் குளிர்வித்தால் காவல் தளர்கிறது. இழுப்பவர் ஆழமாக இழுத்து, நீண்ட நேரம் அடக்கி வைக்கிறார். குளிர்ச்சி உணர்வு தரும் மென்தால் கலந்த சிகரெட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் முதல் தடை செய்தது. உறுத்தல் மறைந்தால் பழக்கம் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வீட்டில் செய்யும் அமைப்புகளில் வேறு இடர்களும் உள்ளன. பிளாஸ்டிக் புட்டி, ரப்பர்க் குழாய், பசை ஆகியவை சூடேறினால் தமக்கே உரிய நச்சு ஆவியை வெளியிடும். தேங்கிய நீரிலும் ஈரக் குழாயிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். புற்றுநோய் மருந்தோ நெடுநாள் ஸ்டீராய்டோ எடுப்பவர்க்கும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்க்கும் 'ஆஸ்பர்ஜில்லஸ்' பூஞ்சை உயிருக்கே உலை வைக்கலாம். இப்பூஞ்சை உலர்ந்த மூலிகையிலும் இருக்கக்கூடும்.

பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க உதவும் மின்கருவிகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் இந்தியா 2019இல் தடை செய்தது. கஞ்சா பற்றிய சட்டமும் கடுமையானது. எனினும், மருத்துவரிடம் உண்மையை மறைக்க இவை காரணமாகிவிடக் கூடாது. எதை, எவ்வளவு, எப்படி இழுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தர இயலும்.

வலிக்காக இழுப்பவரெனில், வலி தணிப்பு மருத்துவத்தில் அளவறிந்து தரும் மருந்துகள் உள்ளன. புகையிலையை விடுவதற்கெனில், நிக்கோட்டின் மெல்லுபசையும் ஒட்டுப்பட்டையும் உள்ளன. 1800-11-2356 என்னும் இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: குழாய் செய்து தரும் அந்த நேரத்தில், அவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை எங்களிடம் வாருங்கள்.