மூங்கில்: பச்சை எடையா, உலர்ந்த எடையா?

மளிகைக்காரர்கள் படிக்கும் இதழில் மூங்கிலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். கூடை, முறம், ஏணி, பந்தல் கழி என்று நம் தொழிலோடு மூங்கிலுக்கு இருக்கும் பழைய உறவு ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. சொந்த ஊரில் நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் வியாபாரிகளைத் தேடி இப்போது மூங்கில் திட்டங்கள் வருகின்றன. வழவழப்பான தாளில் அச்சிட்ட பிரசுரத்தைக் கையில் கொடுத்து, "ஏக்கருக்கு ஆண்டுக்கு 40 டன், தண்ணீர் கட்ட ஆள் வேண்டாம், வெட்டினால் பணம்" என்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் சேர்த்த பணம் இப்படிப் போகும்போது நாம் கைகட்டிக்கொண்டு இருக்க முடியாது.

மூங்கில் கெட்ட பயிர் என்று நாம் சொல்லவில்லை. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை "மரம்" என்ற விளக்கத்திலிருந்து நீக்கினார்கள். பட்டா நிலத்து மூங்கிலுக்கு அது பெரிய விடுதலை. 2020இல் மூங்கில் மீதான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார்கள். நாம் கடையில் விற்கும் ஊதுபத்தியின் குச்சிக்கு உள்நாட்டு மூங்கிலைத் தேட வேண்டி வந்தது. மூங்கில் கரியை வெளிநாட்டுக்கு அனுப்ப 2022இல் அனுமதி கிடைத்தது. அசாமில் நுமாலிகர் என்ற இடத்தில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆக, சந்தை இருக்கிறது. முன்பு கழிக்கணக்கில் விற்ற பொருள் இப்போது டன் கணக்குக்கு மாறி வருகிறது. தகராறு பிறப்பதும் இந்த மாற்றத்தில்தான்.

டன் என்றால் எந்த டன்?

இந்தக் கேள்வியை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. ஈரப்பதத்தால் அடிபடாத வியாபாரி யார்? புது மிளகாயை மூட்டை போட்டு வைத்து, பத்து நாள் கழித்துத் தராசில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது மண்டியில் இருக்கும் சிறுவனுக்கும் தெரியும். நெல் கொள்முதலில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டையைத் திருப்புகிறார்கள் என்று விவசாயிகள் ஆண்டுதோறும் போராடுகிறார்கள். அந்த 17க்கே இவ்வளவு சண்டை. வெட்டிய பச்சை மூங்கிலில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்! இளங்கழியாக இருந்தால் பாதிக்கும் மேல். முதிர்ந்த கழியில் குறைவு, நுனியைவிட அடிப்பகுதியில் அதிகம், கோடையைவிட மழைக்காலத்தில் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி ஈரமுள்ள ஒரு டன் பச்சை மூங்கிலில் கட்டைப்பொருள் 500 கிலோ. அதை 15 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 588 கிலோதான். பச்சையில் டன் 4,000 என்று வாங்கிக் கிடங்கில் போட்டவருக்குச் சரக்கு உண்மையில் டன் 6,800 விலைக்கு வந்து நிற்கிறது. திருப்பியும் பாருங்கள். காயவைத்து அதே 4,000க்குக் கொடுத்த விவசாயிக்குக் கிடைப்பது, பச்சையில் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தில் ஆறணாக் குறைவு. ஒப்பந்தத்தில் "டன்" என்று மட்டும் எழுதியிருந்தால், லாரி எடைமேடையில் ஏறும் நாளில் யார் கை மேலோங்கியிருக்கிறதோ அவர் சொல்வதே டன்.

அடுத்தது, நிற்கிற மூங்கிலை எடை போடுவது எப்படி என்பது. நிலத்தைச் சுற்றிவந்து, கண்ணை இடுக்கி, "அம்பது டன் இருக்கும்" என்று சொல்லும் தரகர்களை நாம் அறிவோம். இதற்கு ஒழுங்கான வழி உண்டு. வனவியல்காரர்கள் கடைப்பிடிப்பது அதைத்தான். நல்ல குத்தாகப் பார்த்துப் பொறுக்காமல், சீட்டுப் போட்டதுபோல் சில குத்துகளை எடுக்கிறார்கள். அவற்றில் உள்ள கழிகளை வயது வாரியாக எண்ணி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுக்கிறார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொன்றிலும் சில கழிகளை வெட்டி அங்கேயே நிறுத்துகிறார்கள். அடி, நடு, நுனி மூன்றிலும் துண்டு எடுத்து, 105 டிகிரி சூட்டில் எடை மேலும் இறங்காமல் நிற்கும்வரை உலர்த்துகிறார்கள். சுற்றளவுக்கும் உலர்ந்த எடைக்கும் உள்ள பொருத்தம் அதில் கிடைத்துவிடும். மற்றக் கழிகளுக்கு நாடா பிடித்தால் போதும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. எடை சுற்றளவோடு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. ஏறக்குறைய அதன் வர்க்கமாக ஏறுகிறது. சுற்றளவு இரட்டித்தால் எடை நான்கு மடங்கை ஒட்டிப் போகும். ஆகவே பெருங்கழி இரண்டைக் காட்டிச் சராசரி சொல்வது பெரும் மோசம். பிறகு, மூங்கில் மரத்தைப்போல் ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. முளை வெளிவந்த சில மாதங்களிலேயே முழு உயரமும் முழுப் பருமனும் அடைந்துவிடுகிறது. அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகள் உள்ளுக்குள் கெட்டிப்படுவது மட்டுமே. பருமனைப் பார்த்து வயது சொல்ல முடியாது. புது முளைகள் குத்தின் வெளிவட்டத்தில் வருவதால், வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இளசுதான். முதிர்ந்தவை உள்ளே முள்ளுக்கு நடுவில் நிற்கும்.

சுவர்க்கனமும் முக்கியம். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கழிகளில் ஒன்றின் சுவர் 1 சென்டிமீட்டர், மற்றதன் சுவர் 2 சென்டிமீட்டர் என்றால், முன்னதன் வெட்டுப்பரப்பு 22 சதுர சென்டிமீட்டர், பின்னதன் பரப்பு 38ஐ நெருங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. கல் மூங்கிலுக்குச் சொன்ன எடையைப் பொந்து பெரிதாக உள்ள முள் மூங்கிலுக்குப் போட்டுக் காட்டினால் ஏமாறுவது யார்?

இனி அந்த 40 டன்னுக்கு வருவோம். ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 160 குத்து நிற்கும். 40 டன் என்றால் குத்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 கிலோ. ஒரு கழி பச்சையில் 15 கிலோ என்று எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு குத்திலும் ஆண்டுதோறும் 16 முதிர்ந்த கழிகளுக்குக் குறையாமல் வெட்ட வேண்டும். அப்படி வெட்ட, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான இளங்கழிகள் 48ஆவது எப்போதும் அந்தக் குத்தில் தப்பிப் பிழைத்து நிற்க வேண்டும். ஆடு மாடு, காற்று, திருட்டு, காட்டோரமாக இருந்தால் யானை எல்லாவற்றையும் மீறி. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்து இதை எட்டுபவர் இருக்கலாம். மானாவாரியில் "ஆள் வேண்டாம்" என்ற பேச்சோடு இது ஒத்துப்போகாது.

பிரசுரங்களில் கார்பன் பணம் என்று ஒரு பத்தியும் இருக்கிறது. 40 டன்னை 3.67ஆல் பெருக்கி 147 டன் கரியமில வாயு என்று போட்டிருந்ததை நாமே ஒன்றில் பார்த்தோம். பெருக்க வேண்டியது பச்சை எடையை அல்ல. 40இல் பாதி தண்ணீர் போனால் 20, உலர்ந்த பொருளில் ஏறக்குறைய பாதிதான் கார்பன், அது 10, அதை 3.67ஆல் பெருக்கினால் 37 டன்கூட வராது. வெட்டி அடுப்பில் வைத்தால் அதுவும் காற்றோடு போய்விடும். இதை நம்பி வட்டிக்கு வாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

பெரிய இடங்களிலும் இந்தக் கணக்குத் தடுமாறுவதுண்டு. இந்திய வன அளவைத் துறையின் 2019 அறிக்கையில், நாட்டில் மூங்கில் உள்ள பரப்பு முந்தைய 2017 அறிக்கையைவிட 3,229 சதுர கிலோமீட்டர் கூடி 1,60,037 ஆனதாகக் கண்டிருக்கிறது. அதாவது 2 சதவீத உயர்வு. ஆனால் மூங்கிலின் பச்சை எடையோ 8.8 கோடி டன் கூடி 27.8 கோடி டன் ஆகியிருக்கிறது! இரண்டே ஆண்டில் மூங்கில் அப்படிக் கொழுத்ததா, எண்ணுகிற விதம் மாறியதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

மதிப்பீடு பிழைத்தால் வயிறு காய்வது யாருக்கு என்பதற்குக் கர்நாடகம் சாட்சி. 1950களின் இறுதியில் வட கன்னட மாவட்டத்தில் வந்த காகித ஆலைக்கு, டன் ஒன்றரை ரூபாய் என்ற சலுகை விலையில் காட்டு மூங்கில் ஒதுக்கப்பட்டது. காட்டில் அள்ள அள்ளக் குறையாது என்று கணக்கு. 1970களில் கூடை முடைபவர்கள் தங்களுக்குக் கழி கிடைக்கவில்லை என்று அரசிடம் முறையிட்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மாதவ் காட்கில் குழுவினர் ஆராயப் போனார்கள். இருப்பு பற்றிய பழைய மதிப்பீடு மிகவும் பெருக்கிப் போடப்பட்டது என்று தெரிந்தது. குத்து நன்றாக வளரும் என்று எண்ணி அடியிலிருந்த முள்ளை வெட்டச் சொல்லியிருந்தார்கள். முள் போனால் குருத்தை ஆடு மாடும் விலங்கும் தின்றுவிடும் என்று கிராமத்தார் சொன்னதே சரி என்றும் அந்த ஆய்வு கண்டது. ஆலைக்குத் தூரத்துக் காட்டிலிருந்தாவது சரக்கு வரும். கூடை முடைபவர் எங்கே போவார்?

இன்னொன்றையும் பிரசுரக்காரர்கள் சொல்வதில்லை. முள் மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, நாம் கடையில் விற்கும் மூங்கில் அரிசியைக் கொடுத்துவிட்டு, குத்தோடு காய்ந்து போகும். தாய்க்குத்திலிருந்து வெட்டி வைத்த கன்றுக்கும் தாயின் வயதே வயது. கன்று எங்கிருந்து, எந்த வயதுக் குத்திலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நம் கருத்து இதுதான். மூங்கில் விற்பனை ஒப்பந்தம் எதுவானாலும் உலர்ந்த எடைக்கு விலை பேச வேண்டும். அது முடியாவிட்டால், எத்தனை சதவீத ஈரத்தில் எடை, வெட்டி எத்தனை நாளில் எடை, ஈரத்தை யார் எந்தக் கருவியால் பார்ப்பது என்ற மூன்றும் தாளில் ஏற வேண்டும். இலை, கிளை, நுனி சேர்த்தா சேர்க்காமலா என்பதும் அப்படியே. காதி கிராமத் தொழில் ஆணையமே, ஊதுபத்திக் குச்சிக்கு மூங்கிலில் 16 சதவீதம்தான் பயன்படுகிறது, மீதி கழிவு என்று சொல்லியிருக்கிறது. அந்த மீதிக்கு விலை உண்டா இல்லையா என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்ட அன்பர்கள் அடுத்த வெட்டுக்கு முன் பத்துக் குத்துகளையாவது மேலே சொன்னபடி எண்ணி, நாடா பிடித்து, நாலு கழி வெட்டி நிறுத்திப் பார்க்கட்டும். ஒரு நாள் வேலைதான், ஒரு நோட்டும் ஒரு தராசும் போதும். புதிதாகக் கையெழுத்திட இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்குமுன் ஒப்பந்த நகலைச் சங்க அலுவலகத்தில் காட்டினால், எடை பற்றிய வாசகத்தை உடனிருந்து படித்துப் பார்க்கலாம்.