மூக்கில் முளைத்த 21 நாள்

ஜனவரி முதல் வாரம், சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒரு தாள் முளைத்தது. '21 நாள் சவால்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே கட்டம் கட்டி 1 முதல் 21 வரை எண்கள். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். வெறும் வயிற்றில் வெந்நீர். 20 நிமிடம் மூச்சுப் பயிற்சி, 20 நிமிடம் நடை. சர்க்கரை கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் செல்போனைத் தொடக் கூடாது. அன்றைய பாட்டை முடித்தவர்கள் தங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். எந்தச் செயலையும் 21 நாள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும், இதை அறிவியல் நிரூபித்திருக்கிறது என்று அடியில் ஒரு வரி.

எந்த அறிவியல், எங்கே, யாரை வைத்து நிரூபித்தது என்றெல்லாம் லிஃப்டில் நின்று விசாரிக்க முடியாது. அதற்குள் மாடி வந்துவிடும்.

மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் பெயர் கொடுத்தார். பள்ளிப் பிள்ளை போல 21 ஸ்டிக்கரையும் ஒட்டி முடித்தார். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. 22ஆம் நாள் காலை அலாரம் அடித்தது. அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் இப்படிப் போனதும், ஆயுள் முழுக்க அடுத்தவர் ஒழுக்கத்துக்கு மார்க் போட்டவர், தனக்கு மன உறுதியே கிடையாது என்று மனைவியிடம் புலம்பத் தொடங்கினார். "என்ன சார், வாக்கிங்ல ஆளையே காணோம்?" என்று லிஃப்டில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் படியில் இறங்க ஆரம்பித்தார்.

அந்த மனிதரை ஏமாற்றியது ஒரு மூக்கு.

நியூயார்க்கில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். கோணல் மூக்கை நேராக்குவது, முகத்துத் தழும்பை மறைப்பது அவருடைய தொழில். கட்டைப் பிரித்துக் கண்ணாடியைக் கொடுத்தால், நோயாளிகளுக்குக் கொஞ்ச நாள் அது தங்கள் முகமாகவே தோன்றவில்லை. புது முகம் மனசில் ஒட்டக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 21 நாள் பிடிக்கிறது என்று அவர் கவனித்தார். கையோ காலோ இழந்தவர்களுக்கும், புது வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கும் அதே கணக்குத்தான் என்று சேர்த்துக்கொண்டார். 1960இல் வெளியான 'சைக்கோ சைபர்னெட்டிக்ஸ்' என்ற புத்தகத்தில் இதை எழுதியும் வைத்தார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதற்குப் பிறகு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஆளுக்கொரு வார்த்தையாக உருவிப் போட்டார்கள். முதலில் 'குறைந்தபட்சம்' போயிற்று. அப்புறம் 'ஏறத்தாழ' போயிற்று. கடைசியில் மூக்கே போயிற்று. வெறும் 21 மட்டும் கடல் கடந்து சென்னை லிஃப்டுக்கு வந்து சேர்ந்தது.

புது மூக்குக்குப் பழகுவதும் ஐந்து மணிக்கு எழப் பழகுவதும் ஒன்றா? மூக்கு அதன் பாட்டுக்கு முகத்தில் இருக்கும். மார்கழிப் பனியில் போர்வையை விலக்கி அதை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. சும்மா படுத்துக் கிடந்தாலே பழகிவிடும்.

அந்தக் கை கால் கணக்கு இன்னும் மோசம். 1797இல் டெனரிஃப் சண்டையில் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு, அந்த இல்லாத கை இருப்பதாகவே உணர்வு இருந்தது. அதையே ஆன்மா உண்டு என்பதற்குச் சான்றாகக் கொண்டாராம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஓர் அட்டைப் பெட்டியையும் கண்ணாடியையும் வைத்து இத்தகைய மாயக் கைகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். அவரிடம் வந்தவர்களில் வருடக்கணக்காக அந்த அவஸ்தையைச் சுமந்தவர்கள் உண்டு. 21 நாளில் தீரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நியூயார்க், டெனரிஃப் எல்லாம் எதற்கு? தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இதற்குப் பதில் நடந்து போகிறது. கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசி மாலையோடு போகிறது.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறார் ஒருவர். விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளியல். இரண்டு வேளையும் சரணம். கறி மீன் இல்லை, சாராயம் இல்லை, சிகரெட் இல்லை. செருப்பு இல்லை, மெத்தை இல்லை, முகச்சவரம் இல்லை. போன வாரம் வரை 'டேய்' என்று கூப்பிட்டவன் 'சாமி' என்கிறான். இவரும் எதிரே வருகிற ஆறு வயதுப் பையனைச் 'சாமி' என்கிறார். இப்படி 41 நாள்; ஒரு மண்டலமாக 48 நாள் இருப்பவர்களும் உண்டு. (ஒரே வாரத்துக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஏறுகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.) லிஃப்டில் ஒட்டிய சவாலைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், பத்து மடங்கு கடினம். மீறினால் குழுவிலிருந்து நீக்கம் என்பதோடு முடியாது, தெய்வக் குற்றம் வேறு.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் அவர் எங்கே இருப்பார் என்று மனைவிக்குத் தெரியும், பிரியாணிக் கடைக்காரருக்குத் தெரியும். விடியற்காலைக் குளியல் ஏழரை மணிக்கு நகர்ந்துவிடும், அதுவும் ஹீட்டர் போட்டு. 21 நாளில் பழக்கம் உறைந்துவிடும் என்பது உண்மையானால், வருடாவருடம் மாலை போடும் ஆண்கள் எல்லாம் முதல் வருடத்தோடு குடியை விட்டிருக்க வேண்டும். தை பிறந்ததும் மதுக்கடை வாசலில் போய் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இதில் அந்தச் சாமியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பலம் கொடுத்தது நாள் கணக்கு அல்ல. கழுத்தில் உறுத்தும் மாலை, கூடவே நாலு சாமிகள், தனியாகச் சமைத்துத் தட்டில் வைக்கிற வீடு, மாலையைப் பார்த்ததும் தள்ளி நின்று சிகரெட் பற்றவைக்கிற நண்பன், இவையெல்லாம் சேர்ந்து பிடித்து நிறுத்தின. கழற்றியதும் அத்தனை பிடிமானமும் ஒரே நாளில் போய்விடுகிறது. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பல்கலைக்கழகம் மாறிப் போன மாணவர்களைப் பார்த்தது. உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு போன்ற பழக்கங்கள், புது இடத்தின் சூழலும் பழைய இடம் போலவே இருந்தவர்களிடம்தான் தங்கின. மாலை கழற்றிய வீட்டில் இதைச் சொன்னால், இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று சிரிப்பார்கள்.

சரி, எண்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு எண்ணும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைச் சேர்த்து, சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி என்று ஏதாவது ஒரு சின்னச் செயலை, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், 84 நாள் செய்யச் சொன்னார்கள். யோசிக்காமலே கை தானாகச் செய்கிற நிலை வர நடுவாந்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. 254 என்பது 84 நாள் ஆய்வின் கோட்டை நீட்டிப் பார்த்துக் கிடைத்த எண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. உடற்பயிற்சி அடம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. லிஃப்டுத் தாளிலோ ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பரமபதத்தில் பாம்பு கடித்தது போல.

2023இல் வெளியான இன்னோர் ஆய்வு உடற்பயிற்சிக் கூடங்களின் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வருகைப் பதிவுகளையும், மருத்துவமனை ஊழியர்கள் கை கழுவிய 4 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளையும் கணினியில் போட்டுப் பார்த்தது. கை கழுவும் பழக்கம் சில வாரங்களில் அமைந்தது. ஜிம்முக்குப் போகும் பழக்கத்துக்குப் பொதுவாக ஆறு மாதம். எல்லாப் பழக்கத்துக்கும் சேர்த்து ஒரு மாய எண் கிடையாது என்பதுதான் அவர்கள் கண்டது.

கை கழுவுதல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கே 21 நாள் ஊரடங்கு அறிவித்தார். இந்த 21 நாளைச் சமாளிக்காவிட்டால் நாடு 21 வருடம் பின்னால் போய்விடும் என்றார். பாரதப் போர் 18 நாளில் முடிந்தது, இந்தப் போருக்கு 21 நாள் என்றும் மறுநாள் பேசினார். அது தொற்றுச் சங்கிலியை அறுப்பதற்கான கணக்கு. ஆனால் அன்றிரவே வாட்ஸ்அப்பில் மால்ட்ஸின் மூக்கு முளைத்துவிட்டது. 21 நாளில் யோகா, 21 நாளில் புது மனிதன், 21 நாளில் அது, இது என்று ஒரே தள்ளுமுள்ளு. 21 நாள் நீண்டு மே 31 வரை 68 நாளாயிற்று. லண்டன் ஆய்வின் 66ஐயும் தாண்டிவிட்டது! வாசலில் வாளி, வாளியோரம் சோப்பு, வெளியே போய் வந்தவர் கை கால் கழுவாமல் உள்ளே வந்தால் வீட்டில் ரகளை. அந்த வாளி இப்போது எங்கே? மொட்டை மாடியில் துளசிச் செடி வளர்கிறது அதில். பயம் என்ற மாலையைக் கழற்றியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் 21 ஏன் சாகவில்லை? விற்பதற்குத் தோதான எண் அது. மூன்று வாரம் என்றால் சம்பளத் தேதிக்குள் அடங்கும். 66 நாள் சவாலுக்கு யாரும் பணம் கட்டமாட்டார்கள், 254 என்றால் ஆளே ஓடிவிடுவான். எனவே 21 நாள் தியானம், 21 நாள் தொப்பைக் கரைப்பு, 21 நாளில் நன்றியுணர்வு. அமெரிக்காவில் ஒரு பாதிரியார் 2006இல் தன் சபையினருக்கு ஊதா வளையம் கொடுத்து, 21 நாள் யாரும் குறை சொல்லக் கூடாது, சொன்னால் வளையத்தை மறு கைக்கு மாற்றி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார். உலகமெல்லாம் பரவிய அந்தச் சவாலில், தொடர்ந்து 21 நாளை எட்டுவதற்கே பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

கைக்கடிகாரம் வேறு இப்போது மனிதனைப் பாராட்டுகிறது. சோபாவிலிருந்து எழுந்தால் 'சபாஷ்', எழாவிட்டால் ஒரு நடுக்கம். அலுவலகங்களில் மனநல வாரம் கொண்டாடி, ஆளுக்கொரு யோகா பாய் கொடுத்து, அன்றிரவே பத்து மணிக்கு மீட்டிங் போடுகிறார்கள். அந்தப் பாயில் தூங்கக்கூட நேரமில்லை.

ஐந்து மணிக்கு எழுவதை ஒரு சாதனையாகக் கொண்டாடுவதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது. அதே குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு, பிள்ளைகளுக்குச் சோறு வடித்து வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து ஆறு மணிக்கு வந்து நிற்கிறார். அந்த ஓட்டம் மழைக்கும் நிற்காது, காய்ச்சலுக்கும் நிற்காது. அவருக்கு யாரும் பச்சை ஸ்டிக்கர் கொடுத்ததில்லை. ஐந்து மணிக்கு எழுந்து மூச்சை இழுத்துவிட்டவர்கள் குடித்துவிட்டு வைத்த வெந்நீர் டம்ளரைத்தான் அவர் கழுவுகிறார். இத்தனை வருடத்தில் எழுவது பழகிப்போயிற்றா என்று கேட்டால், "எங்க பழகுது, தெனமும் கஷ்டமாத்தான் இருக்கு" என்கிறார்.

லிஃப்டுத் தாள் பிப்ரவரியில் ஓரம் கிழிந்து தொங்கியது. அதன்மேல் இப்போது தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பு. மூன்றாவது மாடி ஆசிரியர் இன்னமும் படியில்தான் ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு நாலு தடவை. முட்டி வலிக்கிறது என்று முனகுகிறார். லிஃப்ட் காலியாகத் திறந்து நின்றாலும் கால் படியின் பக்கம் போய்விடுகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "யாரு எண்ணினா?" என்று கேட்டுவிட்டு மேலே போனார்.