ஒரு சோறு பதமா?

"முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்மா. மிச்ச இருபத்தஞ்சு நிமிஷம் மரியாதைக்கு உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான்."

நேர்முகத் தேர்வு நடத்துவது எப்படி என்பதற்கு எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் இவ்வளவுதான். சொன்னவர் என் மேலதிகாரி, இருபது வருடமாக மனிதவளத் துறையில் இருப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் எச்.ஆர். எக்சிகியூட்டிவாகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. சம்பளக் கணக்கு, மருத்துவ விடுப்பு, ஈ.பி.எஃப்., சொக்சோ எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஈ.பி.எஃப். பாரத்தில் ஓர் எண் தவறினால்கூடத் திரும்பி வந்துவிடும். ஒருவருக்கு வேலை உண்டா இல்லையா என்று முடிவு செய்வதற்கு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லை. "ரெண்டு இன்டர்வியூல என் பக்கத்துல உட்காரு. மூணாவதை நீயே பண்ணிடு." அப்படித்தான் நானும் தேர்வாளர் ஆனேன்.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே பழமொழிகள் இருக்கின்றன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும். இவற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆளைப் பார்த்தே எடைபோடுவது ஒரு திறமையாகத் தெரிகிறது. ஒரு பானைச் சோறு ஒரே அடுப்பில், ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் வெந்தது. அதனால் ஒரு பருக்கை போதும். கண்ணாடி அறையில் எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் அந்த ஐந்து நிமிடம், அவருடைய மற்ற நாள்கள் வெந்த அடுப்பில் வெந்ததே இல்லை. பழமொழியில் தப்பில்லை. அதை மனிதர்கள்மேல் போட்டுப் பார்ப்பதுதான் தப்பு.

என் மூன்றாவது நேர்முகத்தைச் சொல்கிறேன். கிடங்கு மேற்பார்வையாளருக்கு உதவியாளர் வேலை. கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இரவல் வாங்கியது போன்ற டை. நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவரும் ஆங்கிலத்தில் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் சிக்கிக்கொண்டார். "மிஸ், மலாய்லயோ தமிழ்லயோ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றேன்.

இத்தனைக்கும் அந்தக் கிடங்கில் யாரும் ஆங்கிலத்தில் வேலை செய்வதில்லை. மலாய் ஓடும், நேப்பாளியும் வங்காளமும் ஓடும், சாப்பாட்டு நேரத்தில் தமிழும் ஓடும். அது எனக்குத் தெரியும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் நான் தமிழில் பேசுவதைப் பார்த்து, 'அவங்க ஆளையே எடுக்கிறா' என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், அந்த உடைந்த ஆங்கிலம் பத்து வருடத்துக்கு முந்தைய என் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடம் நான் பேசியது அப்படித்தான். அதை மறுபடி கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. பாரத்தில் 'கான்ஃபிடன்ஸ் இல்லை' என்று எழுதினேன்.

அடுத்து வந்தவர் சரளமாகப் பேசினார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, புத்தகம் படிப்பேன் என்றார். அவர் சொன்ன நாவலை நானும் படித்திருந்தேன். மீதி நேரம் அதைப் பற்றியே பேசினோம். வேலை அவருக்குப் போனது. பாரத்தில் நான் எழுதியது 'குட் கல்ச்சர் ஃபிட்.'

அவர் இன்றும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். மோசமில்லை. அவர் சோடை போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வசதியான முடிவு கிடைத்திருக்கும். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. நாம் எடுத்தவர் கண்முன் நடமாடுகிறார். சுமாராக வேலை செய்தாலே நம் கணிப்பு சரி என்று ஆகிவிடுகிறது. நாம் தள்ளிவிட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பதற்குச் சாட்சி திரும்பி வருவதே இல்லை. சமைக்கிறவருக்கு உப்புக் கூடினால் சாப்பிடும்போது தெரிந்துவிடும். நேர்முகம் நடத்துகிறவருக்குத் தன் தவறு ஒருநாளும் தெரியாது. இருபது வருட அனுபவம் என்பது பல நேரம் இருபது வருடமாக யாரும் திருத்தாத பழக்கம்தான். அக்காவை நான் குறைசொல்லவில்லை. அவருக்கும் யாரோ ஒருவர் இதே ஐந்து நிமிடப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஆறு மாதம் கழித்துப் பழைய கோப்புகளை அடுக்கும்போது அந்தத் தம்பியின் பாரம் கையில் கிடைத்தது. என் கையெழுத்திலேயே ஓர் ஓரத்தில் இருந்தது: 'உதிரிபாகக் கடை, 3 வருடம். மாதத்துக்கு ஒரு கலர் டேப், பழைய ஸ்டாக் முதலில்.' கடை அலமாரியில் சரக்கு வந்த மாதத்துக்கு ஏற்ப நிற டேப் ஒட்டி, பழையது முதலில் வெளியே போகும்படி அவராகவே ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறார். அந்த உடைந்த ஆங்கிலத்தில் இதையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். கிடங்கு வேலையின் பாதி இதுதான். நான் அதைக் கேட்டேன், எழுதினேன், கணக்கில் எடுக்கவில்லை.

இது என் ஒருத்தியின் குற்றவுணர்ச்சி மட்டும் என்றால் நாட்குறிப்பில் எழுதியிருப்பேன். பால் சாக்கெட்டும் அவர் குழுவும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஆள் தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக வந்த ஆய்வுகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டது. தேர்வில் ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பிறகு அவர் வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள ஒப்புறவை 0 முதல் 1 வரை அளந்தால், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.42 கிடைத்தது. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்முகத்துக்கு 0.19. முதலாவதும் ஒன்றும் தெய்வவாக்கு இல்லை. ஆனால் இரண்டாவதை நம்பித்தான் நாம் ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றில் கைவைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நாட்டில் நேர்முகம் வரைக்கும் வருவதே பலருக்குப் பெரிய காரியம். லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் ஆகிய இரு ஆய்வாளர்கள், மலாய், சீனப் பெயர்களில் கற்பனையான பட்டதாரி விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் விண்ணப்பத்தின் தரத்தைவிட பெயரின் இனமே அழைப்பைத் தீர்மானித்தது. மலாய்ப் பெயர்களுக்கு அழைப்பு மிகக் குறைவு. நம் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆய்வு இல்லாமலேயே நமக்கு அனுபவம் இருக்கிறது. 'மாண்டரின் பேசத் தெரிந்தவருக்கு முன்னுரிமை' என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கொதிக்காத தமிழ் இளைஞர் யார்? "இந்த வேலைக்கு எதுக்கு மாண்டரின்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தபிறகு நான் கேட்டேனா? கிடங்கு வேலைக்கு எதற்கு ஆங்கிலம்? வாசலில் நின்று நியாயம் கேட்டவர்கள், உள்ளே போனதும் அதே கதவைச் சாத்துகிறோம். இனத்தின் பெயரால் சாத்தினால் பாகுபாடு. 'கான்ஃபிடன்ஸ்', 'கம்யூனிகேஷன்', 'கல்ச்சர் ஃபிட்' என்ற பெயரால் சாத்தினால் அதற்குத் தொழில்முறை என்று பெயர்.

சட்டமும் இந்த அறைக்குள் சரியாக நுழைவதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அது அதிகாரம் தருகிறது. ஆனால் அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றி. வேலையே கிடைக்காதவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! பக்கத்தில் சிங்கப்பூர், 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்திருக்கிறது. 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்பது அதன் குறை. நமக்கு அந்த அளவுகூட இல்லை. அதனால்தான் பெண்களிடம் இன்னமும் "எப்ப கல்யாணம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்க முடிகிறது. பதில் சொன்னாலும் நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம்.

இதையெல்லாம் இலக்கிய நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் சலித்துக்கொண்டார். "மனுஷனை மார்க் ஷீட்டா மாத்துறியா? உரையாடல்லதானே ஒருத்தர் வெளிப்படுவார்?" அழகான வாதம். நானும் நம்பிய வாதம். கதை படிக்கிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு, மனிதர்களைப் படிக்கத் தெரியும் என்று. ஒரு சைகையில், ஒரு மௌனத்தில் முழு ஆளையும் பிடித்துவிடலாம் என்று. சிறுகதையில் அந்தச் சைகையை எழுத்தாளர் யோசித்து வைக்கிறார். கண்ணாடி அறையில் அதை யாரும் வைக்கவில்லை. ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். உரையாடலில் வெளிப்படுவார் என்கிறோமே, யாரோடு உரையாடல்? என் நாவல் உரையாடலில் யார் வெளிப்பட்டார்? என்னைப் போன்ற ஒருவர். இன்னும் சரியாகச் சொன்னால், நானே வெளிப்பட்டேன்.

இப்போது நான் செய்வது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கிடங்கு மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதுகிறோம். எல்லாமே செய்த வேலையைப் பற்றியவை: "சரக்குக் கணக்கு உதைத்த ஒரு நாளைச் சொல்லுங்க, நீங்க என்ன செஞ்சீங்க?" நல்ல பதிலில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறோம். எல்லாருக்கும் அதே வரிசை. மலாயோ தமிழோ ஆங்கிலமோ, வருகிறவருக்கு வசதியான மொழி. இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகே வாய் திறக்கிறோம். ஊர், அப்பா, கல்யாணம், பொழுதுபோக்கு கிடையாது. அக்கா பார்த்துவிட்டு, "பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கேம்மா" என்றார். ஆமாம்க்கா என்றேன். பரீட்சையில் குறைந்தபட்சம் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். கிடங்கு வேலைகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். அலுவலக வேலைகளுக்கு இன்னமும் ஐந்து நிமிடம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் இன்னும் சில வருடங்களில் மேசையின் அந்தப் பக்கம் உட்காரப்போகிறவர்கள். ஒருவரைப் பார்த்ததும் பிடித்துப்போனால், ஏன் பிடித்தது என்று முதலில் எழுதுங்கள். அந்தக் காரணம் வேலையில் இல்லாமல் உங்களிடம் இருந்தால், பேனாவைக் கீழே வையுங்கள்.

அந்தத் தம்பியின் எண் பாரத்தில் இருந்தது. அழைத்தேன். வேறு யாரோ எடுத்தார்கள்.