மருந்தா, விஷமா?

செம்பருத்தியில் வெள்ளையாக எதையாவது பார்த்துவிட்டால் போதும், உடனே கடைக்குப் போய் "பூச்சி மருந்து கொடுங்க" என்கிறோம். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான். நாலு தொட்டியும் ஒரு முருங்கையும் உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

முதலில் வந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போல அப்பிக்கொண்டிருந்தால் மாவுப்பூச்சி. அவரைக் கொழுந்தில் கறுப்பாக மொய்த்தால் அசுவினி. செடியை அசைத்ததும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. மூன்றும் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை விடுபவை. அதற்காகத்தான் எறும்பு வருகிறது. அதன் மேல்தான் கரும்பூசணமும் படர்கிறது. எறும்பு சும்மா வருவதில்லை. அந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காவல் காக்கிறது. ஆகவே எறும்பு வரிசையைப் பார்த்தாலே செடியைச் சோதியுங்கள்.

வைத்தியம் எளிது. பூச்சி அதிகமுள்ள நுனியைக் கிள்ளி எறியுங்கள். குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். ஒரே நாளில் பலன் தெரியாது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மாவுப்பூச்சிகளுக்கு நடுவே பெரிதாக, வெள்ளை நூல் தொங்க, சுறுசுறுப்பாக ஓடியவற்றைத் "தாய்ப்பூச்சி" என்று தேடித் தேடி நசுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்கள். எனக்காக வேலை செய்ய வந்தவர்களை நானே கொன்றிருக்கிறேன். விஷம் தெளிப்பவர்கள் தினமும் செய்வதும் இதைத்தான்.

2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. எவ்வளவு தெளித்தும் அடங்காததை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கிவிட்ட, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது.

நமக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையில் பத்து நிமிடம் செடியைப் பாருங்கள். கை விஷப் புட்டிக்குப் போக வேண்டியிருக்காது.